கிளம்பும் இடத்தைக் குறி

என் ஜி.பி.எஸ் கருவியில் சேமித்து வைத்திருக்கும் புள்ளிகளின் பட்டியலைத் திறந்து கீழே தள்ளிக்கொண்டே போனால் இப்படி வரும்: வண்டி, டீக்கடை, கல்பாலம், அட்டை, தண்ணி 1, தண்ணி 2, ஒத்தமரம், சாமி, மாடு, சுமை, வேண்டாம்.

எல்லாம் நான் வைத்த பெயர்கள். கருவியில் தமிழ் எழுத்து கிடையாது. ஒரு சின்னக் குச்சியை இப்படியும் அப்படியும் தள்ளி, ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்க வேண்டும். குளிரில் விரல் விறைத்திருக்கும்போது நாலைந்து எழுத்துக்கு மேல் பொறுமை இருக்காது. அதனால்தான் பெயர்கள் எல்லாம் குட்டை. ஆனால் ஒவ்வொன்றும் எந்த இடம் என்று எனக்குத் தெரியும். ‘அட்டை’ என்பது ஒரு சோலைக்குள் நின்ற ஐந்தே நிமிடத்தில் கால் முழுக்க அட்டை ஏறிய இடம். ‘சாமி’, மரத்தடியில் வேல் நட்டிருக்கும் இடம். ‘மாடு’, ஒரு காட்டுமாடு பாதையை மறித்து நின்று எங்களை இருபது நிமிடம் காக்க வைத்த இடம். ‘வேண்டாம்’ என்பது பாதை இரண்டாகப் பிரியும் இடம். இடப்பக்கத் தடம் அகலமாக, நன்றாகத் தேய்ந்து, அதுதான் வழி என்று நம்பும்படி இருக்கும். கொஞ்ச தூரம் போனால் பாறை விளிம்பில் முடிந்துவிடும். ‘சுமை’யைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

பட்டியலில் முதலில் நிற்கும் ‘வண்டி’தான் எல்லாவற்றிலும் முக்கியம். பைக்கையோ காரையோ நிறுத்திவிட்டு இறங்கியதும், ஷூ லேஸ் கட்டுவதற்கு முன்னால், குறிக்கும் புள்ளி அது. ஜி.பி.எஸ் வாங்க நினைப்பவர்கள் என்னிடம் கேட்பது “எந்த மாடல் நல்லது?” என்றுதான். நான் சொல்ல நினைப்பது வேறு. இந்தக் கருவி காட்டில் உங்களுக்கு வழி காட்டாது. நீங்கள் அதனிடம் எதைச் சொல்லி வைத்தீர்களோ, அதைத் திரும்பச் சொல்லும். கிளம்பிய இடத்தைச் சொல்லவில்லை என்றால், திரும்ப வேண்டிய இடம் அதற்குத் தெரியாது.

என்னுடையது கார்மின் ஈட்ரெக்ஸ் 10. 2011இல் வந்த மாடல். மஞ்சளும் கறுப்புமாக, உள்ளங்கைக்குள் அடங்கும். பேட்டரியோடு சேர்த்து 140 கிராம்தான். 2.2 அங்குலத்தில் கறுப்பு வெள்ளைத் திரை. இரண்டு டபுள் ஏ பேட்டரி போட வேண்டும். கடையில் சுவர்க்கடிகாரத்துக்குப் போடும் பேட்டரி என்று கேட்டாலே எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். ஒரு ஜோடி 25 மணி நேரம் ஓடும் என்று நிறுவனம் சொல்கிறது. என் கணக்கில் இரண்டு முழு நாள் நடைக்குத் தாராளமாக வருகிறது. கையில் நல்ல போன் இருக்கும்போது இது எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான், அதற்கும் வருகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் நன்கு படித்தவர்களிடம்கூட இந்தக் குழப்பத்தைப் பார்க்கிறேன். சாட்டிலைட் மேலே இருந்து நம்மைப் பார்க்கிறது, நாம் எங்கே இருக்கிறோம் என்று அதற்குத் தெரியும் என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. கையில் இருப்பது ஒரு வானொலிப் பெட்டி மாதிரிதான். அது கேட்கும், பேசாது. 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிக்கொண்டிருக்கும் ஜி.பி.எஸ் செயற்கைக்கோள்கள் ஒவ்வொன்றும் ‘நான் இன்னார், இப்போது இன்ன இடத்தில் இருக்கிறேன், மணி இத்தனை’ என்று ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. அந்தச் சேதி நம்மிடம் வந்து சேர ஒரு நொடியில் பதினைந்தில் ஒரு பங்கு நேரம் ஆகிறது. எந்தக் கோளின் சேதி எவ்வளவு தாமதமாக வந்தது என்பதிலிருந்து அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கருவி கணக்குப் போடுகிறது. மூன்று கோள்கள் கிடைத்தால் இடம் தெரிந்துவிட வேண்டும். ஆனால் நான்கு தேவைப்படுகின்றன. மேலே இருப்பவை அணுக் கடிகாரங்கள், நம் கையில் இருப்பது மலிவான கடிகாரம். நொடியில் நூறு கோடியில் ஒரு பங்கு பிசகினாலே தூரம் 30 சென்டிமீட்டர் பிசகிவிடும். அந்தப் பிசகைச் சரிசெய்யத்தான் நான்காவது கோள்.

நான்குக்கு மேல் எத்தனை கிடைத்தாலும் நல்லது. இந்தக் கருவி ரஷ்யாவின் குளோனாஸ் கோள்களையும் சேர்த்துக் கேட்கும். நம் நாட்டின் நாவிக் கோள்களின் சேதியை இது வாங்காது.

கருவியைத் திறந்ததும் செயற்கைக்கோள் பக்கத்தைப் பார்ப்பது எனக்குப் பிடிக்கும். ஒரு வட்டம், அதுதான் நம் தலைக்கு மேலிருக்கும் வானம். அதில் அங்கங்கே எண்கள். கீழே ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு பட்டை மெல்ல எழும்பி நிற்கும். வெட்டவெளியில் நின்றால் பட்டைகள் மடமடவென்று உயரும். சோலைக்குள் நுழைந்தால் ஒவ்வொன்றாகச் சுருங்கும். பாறைச் சுவரை ஒட்டி நடந்தால் ஒரு பக்கத்து வானமே மறைந்து, அந்தப் பக்கத்துப் பட்டைகள் காணாமல் போகும். கருவியைப் பேன்ட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டாலும் இதேதான் நடக்கும், நம் உடம்பில் இருக்கும் தண்ணீரே அந்த மெலிந்த சேதியை மறைத்துவிடும். அதனால் நான் தோள்பட்டை வாரில், திரை வானத்தைப் பார்க்கும்படி மாட்டிக்கொள்கிறேன்.

புது ஊரில் திறந்ததும் சிலசமயம் கருவி நேரம் எடுத்துக்கொள்ளும். அதைப் பழுது என்று நினைக்க வேண்டாம். கோள்கள் நொடிக்கு 50 பிட் வேகத்தில்தான் பேசுகின்றன, ஒரு எழுத்துக்கு எட்டு பிட் என்றால் நொடிக்கு ஆறெழுத்து. ஒரு கோள் தன் பாதை விவரத்தைச் சொல்லி முடிக்கவே 30 நொடி. எல்லாக் கோள்களும் எங்கெங்கே இருக்கும் என்ற முழுப் பட்டியல் வந்து சேர பன்னிரண்டரை நிமிடம். பெரிய பயணத்துக்கு முதல் நாள் இரவு, தங்கும் விடுதியின் முற்றத்தில் கருவியைத் திறந்து கால் மணி நேரம் வைத்துவிடுவேன். காலையில் கையில் எடுத்ததும் தயாராக இருக்கும்.

திரையில் ‘துல்லியம் 3 மீட்டர்’ என்று காட்டுவதை நம்பலாமா? இதை எங்கள் ஊர்த் தோப்பில் பிள்ளைகளோடு விளையாடும்போது நன்றாகப் புரிந்துகொண்டேன்.

2000ஆம் ஆண்டு மே மாதம் வரைக்கும் அமெரிக்க அரசு பொதுமக்களுக்குக் கிடைக்கும் ஜி.பி.எஸ் சேதியில் வேண்டுமென்றே பிழை கலந்து அனுப்பியது. இடம் நூறு மீட்டர் வரை தள்ளிக் காட்டும். மே மாதம் பிறந்ததும் அந்தக் கலப்படத்தை நிறுத்தினார்கள். அடுத்த ஓரிரு நாளிலேயே ஓரிகன் மாநிலத்தில் டேவ் உல்மர் என்பவர் ஒரு கறுப்பு வாளியில் சில பொருட்களைப் போட்டுக் காட்டில் ஒளித்து வைத்து, அதன் ஆயத்தொலைவுகளை, அதாவது அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை, இணையத்தில் போட்டார். முடிந்தால் கண்டுபிடியுங்கள் என்று. ஜியோகேஷிங் என்று உலகம் முழுக்கப் பரவிய விளையாட்டு அப்படித்தான் ஆரம்பித்தது.

பொங்கல் விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது நானும் அதைச் செய்தேன். ஒரு பழைய டிபன் பாக்ஸில் கடலைமிட்டாய் போட்டு, தென்னந்தோப்பில் ஒரு மட்டைக் குவியலுக்கு அடியில் வைத்து, இடத்தைக் குறித்துவிட்டுக் கருவியை அக்கா பிள்ளைகளிடம் கொடுத்தேன். ஐம்பது மீட்டர், முப்பது மீட்டர், பத்து மீட்டர் என்று கத்திக்கொண்டே ஓடினார்கள். ஆறு மீட்டரில் நின்றுவிட்டார்கள்.

“மாமா, ஆறுன்னு காட்டுச்சு. அந்தப் பக்கம் போனா ஒம்போதுன்னு காட்டுது. இந்தப் பக்கம் வந்தா மறுபடி ஏழு. டப்பாவக் காணோம்.”

“இனிமே அதைப் பாக்காதீங்கடா. கண்ணால தேடுங்க.”

நான் குறித்தபோது கருவிக்கு ஒரு பிழை இருந்திருக்கும், பிள்ளைகள் தேடும்போது வேறொரு பிழை. இரண்டும் சேர்ந்தால் பத்து மீட்டர் சுலபமாகத் தள்ளிப்போகும். தோப்பில் பத்து மீட்டர் என்பது இரண்டு மூன்று மரத்து வித்தியாசம். சின்னவள்தான் கடைசியில் மட்டையைத் தூக்கிப் பார்த்தாள். காட்டிலும் இதே கதைதான். பாதைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து விடும் அளவுக்குக் கருவியை நம்பலாம். கடைசிப் பத்து மீட்டருக்குக் கண்தான் வேண்டும். விளிம்பில் நடக்கும்போது அந்தப் பத்து மீட்டர் பெரிய தூரம்.

இன்னொன்றும் அன்று பார்த்தோம். சாப்பிட உட்கார்ந்தபோது கருவியை நிறுத்தாமல் வைத்திருந்தேன். அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால், நாங்கள் உட்கார்ந்திருந்த இடத்தில் காக்கைக் கூடு மாதிரி கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பின்னிக்கிடந்தன. அசையாமல் உட்கார்ந்திருந்த எங்களுக்கு அது கொஞ்ச தூரத்தையும் கூட்டிவிட்டிருந்தது. ஒரே பாதையில் போன இருவர் ‘எனக்கு 14 கிலோமீட்டர், உனக்கு எப்படி 16?’ என்று பேசிக்கொள்வதை மலையடிவாரத்தில் அடிக்கடி கேட்கலாம். நிறைய இளைப்பாறியவர்தான் நிறைய நடந்ததாகக் காட்டும்.

சரி, என் தவறுக்கு வருகிறேன். கருவி வாங்கிய புதிதில் நடந்தது. கொடைக்கானலில் ஒரு நண்பரைச் சந்திப்பதாக ஏற்பாடு. வட்டக்கானல் பக்கம் நிற்கப்போகும் இடத்தை எனக்குச் செய்தியில் அனுப்பியிருந்தார்: 10.21, 77.49. கருவியில் புதுப் புள்ளியைத் திறந்தேன். அது பாகை (டிகிரி) என்று ஒரு கட்டம், கலை (மினிட்) என்று ஒரு கட்டம் காட்டியது. பாகைக்கு 10, கலைக்கு 21 என்று போட்டேன். அடுத்து 77, 49. ‘போ’ என்று அழுத்தியதும் அம்பு வடகிழக்கைக் காட்டியது. தூரம் 39 கிலோமீட்டர்.

நான் நின்றிருந்த இடத்திலிருந்து அவர் நின்ற இடம் நடந்துபோகும் தூரம்தான். கருவி காட்டிய இடமோ மலையைவிட்டு இறங்கி, சமவெளியில், திண்டுக்கல் போகும் பக்கம். பொழுது போய்க்கொண்டிருந்தது, போனில் சிக்னல் இல்லை. என்ன தப்பு என்று புரிய எனக்கு ஒரு மணி நேரம் ஆனது. ஒரு பாகைக்கு 60 கலை. 10.21 பாகை என்றால் 10 பாகை 12.6 கலைதான், 21 கலை இல்லை. மணிக்கணக்கில் ஒன்றரை மணி என்பதை 1.50 என்று படித்து ஒரு மணி ஐம்பது நிமிடம் என்று எடுத்துக்கொள்வது போன்ற தவறு. 39 கிலோமீட்டர் என்று காட்டியதால் தப்பு என்று உடனே தெரிந்தது. இரண்டு கிலோமீட்டர் என்று காட்டியிருந்தால் நம்பி நடந்திருப்பேன். அதை நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது. அன்றிலிருந்து யார் எண் கொடுத்தாலும் எந்த வடிவத்தில் கொடுக்கிறார்கள் என்று கேட்டுவிட்டு, கருவியின் அமைப்பையும் அதே வடிவத்துக்கு மாற்றிக்கொண்டுதான் எழுதுகிறேன். எழுதி முடித்ததும் வரைபடத்தில் அந்தப் புள்ளி எங்கே விழுகிறது என்று ஒருமுறை பார்க்கிறேன்.

எண் சரியாக இருந்தும் இடம் மாறும் ஒரு சூழ்நிலை உண்டு, பழைய வரைபடம் வைத்திருப்பவர்களுக்கு. இந்திய நிலஅளவைத் துறையின் பழைய டோப்போ ஷீட்டுகள் எவரெஸ்ட் நீள்கோளம் என்ற 19ஆம் நூற்றாண்டுக் கணக்கில் வரைந்தவை. ஜி.பி.எஸ் பயன்படுத்துவது டபிள்யூ.ஜி.எஸ் 84 என்ற வேறொரு கணக்கை. பூமியின் உருவத்தை இரண்டும் கொஞ்சம் வேறு வேறாக எடுத்துக்கொள்கின்றன. ஒரே அட்சரேகை, தீர்க்கரேகை எண்ணை இரண்டிலும் பார்த்தால் நம் பக்கத்தில் ஏறக்குறைய 200 மீட்டர் தள்ளி விழும். ஓடைக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று மாறிப்போக அது போதும். கருவியின் அமைப்பில் இதை மாற்ற இடம் இருக்கிறது.

அந்த எவரெஸ்ட் கணக்கின் ஆரம்பம் நம் ஊரில்தான் என்பதை நினைத்தால் எனக்கு ஒவ்வொரு முறையும் சிலிர்க்கும். 1802 ஏப்ரலில் தொடங்கி, வில்லியம் லாம்டன் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி சென்னை பரங்கிமலையிலிருந்து பெரும்பாக்கம் குன்று வரைக்கும், ஏழரை மைல், எஃகுச் சங்கிலியைப் பிடித்து அளந்தார். நாட்டையே அளந்த பெரிய முக்கோண அளவைக்கு அந்தக் கோடுதான் அடி. கோணம் அளக்கும், அரை டன் எடையுள்ள தியோடலைட் கருவியை ஆட்கள் சுமந்து மலைக்கு மலை ஏற்றினார்கள். 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலின் விமானத்தில் அதை ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி மோதி நசுங்கியது. அதைச் செப்பனிட்டு மறுபடியும் அளந்தார்கள். அவர்கள் அரை டன்னைச் சுமந்து செய்த வேலையில் ஒரு துளியை நான் 140 கிராமில் செய்கிறேன். புள்ளி குறிக்கும்போது ஒரு நிமிடம் அசையாமல் நிற்பதற்கு எனக்கு அந்த நினைப்பும் ஒரு காரணம்.

உயரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. மெரினாவில் நின்றுகொண்டு போனில் சில செயலிகளைத் திறந்தால், கடல் மட்டத்துக்குக் கீழே எண்பது தொண்ணூறு மீட்டரில் நிற்பதாகக் காட்டும். செயலி கெட்டுப்போகவில்லை. இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் பூமியின் ஈர்ப்பு குறைவான ஒரு பெரும் பகுதி இருக்கிறது. அங்கே கடல் மட்டமே கணக்குப்படி இருக்க வேண்டியதைவிட நூறு மீட்டருக்கு மேல் தாழ்ந்து நிற்கிறது. கடல் மட்டத்தில் இப்படி விழுந்த பள்ளங்களில் உலகத்திலேயே ஆழமானது அதுதான். அதன் ஓரத்தில்தான் நாம் வாழ்கிறோம். ஜி.பி.எஸ் உயரத்தை அளப்பதோ அந்தக் கணக்குப்படியான மட்டத்திலிருந்து. கைக்கருவிகள் இந்தத் திருத்தத்தை உள்ளேயே செய்து காட்டிவிடுகின்றன, சில போன் செயலிகள் செய்வதில்லை. மலையில் உயரத்தை வைத்து இடத்தைக் கணிப்பவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

இப்போது மூடுபனி நாள்.

பழனி மலையின் மேல்பகுதியில் ஒரு புல்வெளி. அனுமதி வாங்கி, வழிகாட்டி அண்ணனோடு மூன்று பேராகப் போயிருந்தோம். காலையில் வானம் துடைத்து வைத்தது போல் இருந்தது. திரும்பும்போது பள்ளத்திலிருந்து பனி ஏறி வந்தது. பத்து நிமிடத்தில் முன்னால் போகிறவரின் பை மட்டும் தெரிந்தது, அப்புறம் அதுவும் தெரியவில்லை. புல்வெளியில் காட்டுமாடுகள் நடந்து நடந்து உண்டாக்கிய தடங்கள் நிறைய, எல்லாமே பாதை மாதிரி இருக்கும். வழிகாட்டி அண்ணன் நின்றுவிட்டார். அந்த மலையில் பிறந்து வளர்ந்தவர் நிற்கிறார் என்றால் நாமும் நிற்க வேண்டும்.

“தம்பி, அந்தப் பொட்டிய எடு. வந்த தடம் காட்டுமா?”

எடுத்தேன். காலையில் வந்த தடம் முழுக்கப் பதிவாகியிருந்தது. அதில் ‘வந்த வழியே திரும்பு’ என்று ஒரு வசதி இருக்கிறது. அழுத்தினேன். அம்பு தோன்றி, வலப்பக்கம் காட்டியது. ஒரு நொடியில் பின்பக்கம். அப்புறம் இடப்பக்கம். எனக்குக் கை நடுங்கியது.

இந்த மாடலில் திசைகாட்டி கிடையாது. நடந்தால்தான் எந்தப் பக்கம் போகிறோம் என்று அதற்குத் தெரியும், நின்றால் அம்பு சுற்றிக்கொண்டே இருக்கும். வாங்கும்போது படித்ததுதான். பனிக்குள் நிற்கும்போதுதான் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று உறைத்தது. அண்ணன் எந்தப் பக்கம் சரிவு இல்லை என்று கோலால் தட்டிப் பார்த்துவிட்டு, “இந்தப் பக்கம் பத்து எட்டு வை” என்றார். நடந்தேன். அம்பு நிலைத்தது. வரைபடப் பக்கத்துக்கு மாற்றி, பெரிதாக்கினேன். காலையில் வந்த தடம் மெல்லிய கோடாக ஓடியது. நாங்கள் நிற்கும் முக்கோணம் அதற்கு இடப்பக்கம், முப்பது மீட்டர் தள்ளி.

“வலது பக்கம் முப்பது மீட்டர்ல பாதை இருக்குண்ணே.”

“அப்ப ஒத்தமரம் இங்கிட்டுத்தான் இருக்கணும்” என்றார். போனோம். பனிக்குள்ளிருந்து அந்த மரம் தலை காட்டியபோது அவர் அதன் மேல் கை வைத்தார். அப்புறம் கருவியை நான் பார்க்கவில்லை. அந்த மரத்திலிருந்து அவருக்குக் கண்ணை மூடிக்கொண்டே வழி தெரியும்.

கருவி இல்லாமல் அவர் எங்களைக் கொண்டுவந்து சேர்த்திருப்பாரா என்றால், கட்டாயம் சேர்த்திருப்பார், பனி விலகும்வரை உட்கார வைத்து. அவர் இல்லாமல் கருவி மட்டும் சேர்த்திருக்குமா என்றால், எனக்கு நம்பிக்கை இல்லை. 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் காட்டுத்தீயில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்ததற்குப் பிறகு தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் வனத்துறை நாற்பது வழிகளை இணையப் பதிவோடும் பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகளோடும் திறந்துவிட்டது. கையில் ஜி.பி.எஸ் இருக்கிறது என்ற தைரியத்தில் அனுமதி இல்லாமல் காட்டுக்குள் போகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. தீ எந்தப் பக்கம் வருகிறது, யானை எங்கே நிற்கிறது என்பதை எந்தச் செயற்கைக்கோளும் இந்தக் கருவிக்குச் சொல்வதில்லை.

போன் விஷயத்துக்கு வருகிறேன். இன்றைய போனில் இருக்கும் ஜி.பி.எஸ் என் பழைய கருவியைவிட மட்டமில்லை. சிக்னல் இல்லாத இடத்திலும் வேலை செய்யும், வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொண்டால் போதும். ஒரு நாள் நடைக்குப் போனே போதும் என்றுதான் நான் சொல்வேன். ஆனால் மழையில் நனைந்த விரல் தொடுதிரையில் வேலை செய்யாது. உச்சி வெயிலில் போன் திரையைப் பார்க்க நிழல் தேட வேண்டும், என் கறுப்பு வெள்ளைத் திரையோ வெயில் பட்டால்தான் இன்னும் தெளிவாகத் தெரியும். போன் சார்ஜ் தீர்ந்தால் அவசரத்துக்கு யாரையும் அழைக்கவும் முடியாது. அதனால் பாதையைக் கருவி பார்த்துக்கொள்ளட்டும் என்று போனை அணைத்துப் பைக்குள் வைக்கிறேன். டேப் சுற்றிய ஒரு ஜோடி மாற்று பேட்டரி சட்டைப் பையில் இருக்கும். ரீசார்ஜ் செய்யும் பேட்டரி போடுகிறவர்கள் கருவியின் அமைப்பில் அந்த வகையைத் தேர்ந்தெடுக்க மறக்காதீர்கள், இல்லாவிட்டால் மீதி எவ்வளவு என்று காட்டும் அளவு தப்பாக இருக்கும்.

வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களிடம் கருவி வாங்கிவரச் சொல்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஜி.பி.எஸ் சேதியைக் கேட்க மட்டும் செய்யும் கருவி வேறு, செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவி வேறு. பார்க்க இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். இரண்டாவது வகையைத் தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி இல்லாமல் இந்தியாவில் வைத்திருப்பது குற்றம். தெரியாமல் பையில் எடுத்து வந்து விமான நிலையத்தில் வழக்கில் மாட்டிய பயணிகள் உண்டு. பிரியத்தோடு வாங்கி வருகிறவரை அந்த நிலைக்கு ஆளாக்கிவிடாதீர்கள்.

வீட்டுக்கு வந்ததும் தடத்தைக் கணினியில் இறக்கி, ஓபன் ஸ்ட்ரீட் மேப்பின் மேல் வைத்துப் பார்ப்பது எனக்குப் பெரிய சந்தோஷம். பலபேர் நடந்து பதிவுசெய்த பாதைகளால் வளர்ந்த வரைபடம் அது. எல்லோருக்கும் தெரிந்த, அனுமதியுள்ள பாதை என்றால் நானும் சேர்க்கிறேன். ஆனால் ‘தண்ணி 2’ஐச் சேர்க்கவில்லை. பாறை இடுக்கில் கோடையிலும் சொட்டும் ஊற்று அது. குறிக்கட்டுமா என்று கேட்டபோது வழிகாட்டி அண்ணன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “நீ வச்சுக்க தம்பி. வெளியில போடாத. கூட்டம் வந்துச்சுன்னா காட்டுமாடு இறங்காது” என்றார். அது என் கருவியில் மட்டும் இருக்கிறது.

கடைசியாக, ‘சுமை’. வட்டக்கானலிலிருந்து வெள்ளகவி வழியாகக் கும்பக்கரைக்கு இறங்கும் பாதையில் இருக்கிறது. ஆயிரத்து ஐந்நூறு மீட்டருக்கு மேல் இறக்கம், முட்டி கழன்றுவிடும். வெள்ளகவி ஊருக்குள் யாரும் செருப்புப் போடுவதில்லை, கோயில்களுக்கு நடுவில் வீடுகள் என்பதால் ஊரே கோயில் மாதிரி. ஷூவைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஊர் எல்லையில் ஒரு புள்ளி குறித்தேன். நான் போனபோது வண்டிச் சாலை கிடையாது. அரிசியும் சிலிண்டரும் குதிரை முதுகில் வரும், இல்லையென்றால் ஆள் தலையில்.

ஊரைத் தாண்டிச் சிறிது தூரம் இறங்கியதும், இடுப்பளவு உயரத்தில் தட்டையாக ஒரு கல். அங்கே உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுக் குறித்தேன். பெயர் ‘கல்’ என்று போட்டேன். வழிகாட்டி அண்ணன் எட்டிப் பார்த்தார்.

“என்னன்னு எழுதுன?”

“கல்லுன்னு.”

“வெறுங்கல்லா இது? சுமையேத்தி வர்றவன் குனியாம இறக்கி வைக்கிறதுக்கு நட்டது. நட்டதுல தனக்கும் பங்குண்டும்பாரு எங்கப்பா. சுமைதாங்கின்னு போடு.”

முழுப் பெயருக்குப் பொறுமை இருந்தது, ஆனால் அதற்குள் சூரியன் சாய்ந்துகொண்டிருந்தது. ‘கல்’லை அழித்துவிட்டு, குச்சியைத் தள்ளித் தள்ளி, ‘சுமை’ என்று எழுதினேன். முழுப் பெயரை நோட்டில் தமிழில் எழுதிக்கொண்டேன். அவர் என் தோளுக்கு மேலே பார்த்துக்கொண்டே நின்றார். சேமித்து முடித்ததும், “மேல ஒண்ணு மாடுன்னு வச்சிருந்தியே, அதுக்கும் பேரு இருக்கு” என்று சொல்லிக்கொண்டே இறங்க ஆரம்பித்தார். நோட்டை மூடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு அவர் பின்னால் நடந்தேன்.